டாம் ரிச்சர்ட்சன்: நான்கு கோடைகளில் ஆயிரம் விக்கெட்

"பத்தொன்பதாம் நூற்றாண்டு இங்கிலாந்து கிரிக்கெட் என்றால் தாடி வைத்த டபிள்யூ.ஜி. கிரேஸைத் தவிர யாரும் ஞாபகத்துக்கு வருவதில்லை. அந்தக் காலத்தில் சொல்லிக்கொள்ளும்படி வேகப்பந்து வீச்சாளர் யாராவது இருந்தாரா? இருந்தால் அவர் கதை என்ன?" என்பது கேள்வி.

இருந்தார். ஒருவர் பெயரைத்தான் சொல்ல வேண்டும் என்றால் நான் டாம் ரிச்சர்ட்சன் என்பேன். சர்ரே கவுண்டிக்காரர், அதாவது சர்ரே மாவட்ட அணிக்கு ஆடியவர். சிலர் ஜார்ஜ் லோமனைச் சொல்வார்கள். 18 டெஸ்டில் 112 விக்கெட், சராசரி (ஒரு விக்கெட்டுக்குக் கொடுத்த ரன்) 10.75. ஆனால் லோமன் மிதவேகம், வேகப்பந்து வீச்சாளர் இல்லை. அந்தச் சராசரியிலும் அப்போது கற்றுக்குட்டியாக இருந்த தென்னாப்பிரிக்காவுக்குப் பெரிய பங்கு உண்டு. லோமன் அங்கே போய் ஆடிய பயணத்துக்கு ரிச்சர்ட்சன் போகவே இல்லை. எசெக்ஸின் சார்லஸ் கார்ட்ரைட்தான் அந்தக் காலத்தில் அதிவேகம் என்பார்கள், அவருக்கு ஒரு டெஸ்ட்கூடக் கிடைக்கவில்லை. லங்காஷையரின் ஆர்தர் மோல்ட் பந்தை எறிகிறார் என்று நடுவர்கள் நோ-பால் சொல்லியே அவர் கதையை முடித்துவிட்டார்கள். மிச்சம் இருப்பவர் பில் லாக்வுட். அவர் ரிச்சர்ட்சனின் கூட்டாளியே. நன்றாகப் போடும் நாளில் லாக்வுட்தான் இன்னும் ஆபத்தானவர் என்று சொன்னவர்கள் உண்டு. அந்த நன்றாகப் போடும் நாள் எப்போது வரும் என்பதுதான் யாருக்கும் தெரியாது. ரிச்சர்ட்சனுக்கு எல்லா நாளும் அந்த நாள்தான்.

எண்களை முதலில் பார்த்துவிடலாம். 14 டெஸ்ட், 88 விக்கெட், சராசரி 25.22. அந்த 88 பேரும் ஆஸ்திரேலியர்கள். 11 முறை இன்னிங்ஸில் ஐந்து விக்கெட், நான்கு முறை டெஸ்டில் பத்து விக்கெட். டெஸ்டும் கவுண்டி ஆட்டங்களும் சேர்ந்த முதல்தரப் போட்டிகளில் 2,104 விக்கெட், சராசரி 18.43. இதை மட்டும் படித்தால் "சரி, நல்ல பௌலர்" என்று நகர்ந்துவிடுவீர்கள். அவருடைய வாழ்க்கை இந்த மொத்தத்தில் தெரியாது. அது எந்தெந்த வருடங்களில், எத்தனை பந்துகளில் வந்தது என்று பிரித்துப் பார்த்தால்தான் தெரியும்.

1870 ஆகஸ்ட் 11 அன்று சர்ரேயில் உள்ள பைஃப்ளீட்டில் பிறந்தார். கிரிக்கெட் கற்றது மிட்சம் (Mitcham) என்ற ஊரில். அங்குள்ள பசும்புல் மைதானத்திலிருந்து சர்ரேக்கு வந்த ஆட்டக்காரர்களுக்குக் கணக்கில்லை. 1892-இல் சர்ரே அணியில் சேர்ந்தார். ஆள் நல்ல உயரம், அகன்ற தோள், கருகருவென்ற முடி, அடர்ந்த மீசை. பழைய புகைப்படங்களில் பார்த்தால் கோவில் வாசலில் நிற்கும் காவல் தெய்வம் மாதிரி இருப்பார். சுபாவம் அதற்கு நேர் எதிர். பேட்ஸ்மேனைப் பயமுறுத்த வேண்டும் என்று பந்து போட்டவரில்லை. முகம் சுளித்தார், நடுவரிடம் சண்டை போட்டார் என்று அவரைப் பற்றி ஒரு கதைகூட நான் படித்ததில்லை.

பந்து எப்படி வரும்? நீண்ட ஓட்டம். கிரீஸுக்கு வந்ததும் ஒரு பெரிய துள்ளல், வலது கை நன்றாக உச்சியிலிருந்து இறங்கும். பந்து ஆஃப் ஸ்டம்புக்கு வெளியே விழும். பேட்ஸ்மேன் இது வெளியே போகிற பந்து என்று நினைத்து முன்காலை வைத்து ஆடுவார். விழுந்த இடத்திலிருந்து அது வெடுக்கென்று உள்ளே திரும்பி ஸ்டம்பைப் பெயர்க்கும். அக்காலத்தில் இதற்கு 'பிரேக்பேக்' என்று பெயர், இன்றைய கமெண்டரியில் இன்கட்டர் என்போம். விரலால் திருகிச் செய்த வேலை இல்லை அது. முழு உடம்பும் இடப்பக்கம் சுழன்று வரும்போது தானாக விழுந்த வெட்டு. அதனால்தான் தட்டையான, உயிரில்லாத ஆடுகளத்திலும் அவர் பந்து திரும்பியது. உடம்பு முழுவதையும் போட்டுப் பிழிந்தால்தான் அது வரும் என்பதும் அதனால்தான்.

ஆரம்பத்தில் கை கொஞ்சம் மடங்குகிறதோ என்று ஒரு முணுமுணுப்பு எழுந்தது. சீக்கிரமே அடங்கிவிட்டது.

1893-இல் 174 விக்கெட். அந்த ஆகஸ்டில் மான்செஸ்டரின் ஓல்ட் டிராஃபோர்டில் முதல் டெஸ்ட். 49 ரன்னுக்கு ஐந்து, 107 ரன்னுக்கு ஐந்து. அறிமுகப் போட்டியிலேயே பத்து விக்கெட். அடுத்த வருடம் 196 விக்கெட், சராசரி 10.32. அதில் எசெக்ஸுக்கு எதிராக ஓவல் மைதானத்தில் ஒரே இன்னிங்ஸின் பத்து விக்கெட்டையும் 45 ரன்னுக்கு எடுத்ததும் உண்டு. இதெல்லாம் முன்னுரை. கதை தொடங்குவது அந்தக் குளிர்காலத்தில்.

1894 கடைசியில் ஆண்ட்ரூ ஸ்டாடார்ட் தலைமையில் ஓர் அணி கப்பலேறி ஆஸ்திரேலியா போனது. சிட்னியில் முதல் டெஸ்ட். ஆஸ்திரேலியா 586 ரன். ரிச்சர்ட்சன் 55 ஓவருக்கு மேல் போட்டு 181 ரன்னுக்கு ஐந்து விக்கெட் எடுத்தார். இங்கிலாந்து ரன்னில் ரொம்பப் பின்தங்கி உடனே மறுபடி பேட் செய்ய நேர்ந்து (இதுதான் ஃபாலோ ஆன்), பிறகு இரவில் மழை பெய்து, ஈர ஆடுகளத்தில் சுழல் பௌலர் பாபி பீல் ஆறு விக்கெட் எடுத்து, பத்து ரன்னில் இங்கிலாந்து ஜெயித்தது. ஃபாலோ ஆன் ஆன அணி டெஸ்டில் வென்றது அதுவே முதல் தடவை. எல்லாரும் பீலைப் பற்றிப் பேசுவார்கள், நியாயம்தான். ஆனால் இங்கே ஒரு விஷயத்தைக் கவனிக்க வேண்டும், பின்னாலும் இது வரும்.

அக்காலத்தில் ஆடுகளத்தை மூடிவைக்கும் வழக்கம் இல்லை. மழை பெய்தால் களிமண் ஊறி, வெயில் பட்டதும் ஒட்டும் பதத்துக்கு வரும். அதில் மெதுவாகப் போடுகிறவர் பாடு கொண்டாட்டம். பந்து எங்கே திரும்பும் என்று அவருக்கே தெரியாது. வேகமாக ஓடிவருகிறவரோ கால் ஊன்ற முடியாமல் வழுக்குவார். ஆக, விக்கெட் சுலபமாக விழும் நாளில் பந்து பீல் மாதிரி ஆட்களின் கைக்குப் போகும். வெயில் காய்ந்து, ஆடுகளம் தார்ச்சாலை மாதிரி கிடக்கும் நாளில் ரிச்சர்ட்சனைக் கூப்பிடுவார்கள். இந்தப் பார்வையில் அவருடைய 25.22 சராசரியைத் திரும்பப் படியுங்கள். வேறு மாதிரி தெரியும்.

தொடர் 2-2 என்று சமனாகி, மார்ச் 1895-இல் மெல்போர்னில் கடைசி டெஸ்டுக்கு வந்தது. ஆஸ்திரேலியா முதல் இன்னிங்ஸில் 414, இங்கிலாந்து 385. இரண்டாவது இன்னிங்ஸில் ரிச்சர்ட்சன் 104 ரன்னுக்கு ஆறு விக்கெட் எடுத்து அவர்களை 267-இல் நிறுத்தினார். ஜாக் பிரவுன் 140 அடித்தார், இங்கிலாந்து நான்கே விக்கெட் இழந்து 297 இலக்கைத் தாண்டியது. பெயர் பிரவுனுக்கு. ஐந்து டெஸ்டில் ரிச்சர்ட்சனுக்கு 32 விக்கெட். அந்தத் தொடரில் அவருக்குத் துணையாகப் போன லாக்வுட் சோபிக்கவே இல்லை, ஆகவே சுமை முழுக்க ஒரே தோளில்.

சரி, இவ்வளவு போட்டபின் ஊருக்கு வந்து ஓய்வெடுத்தாரா? கப்பலை விட்டு இறங்கினார், கவுண்டி சீசன் தொடங்கியது. அந்த 1895 கோடையில் 290 விக்கெட் எடுத்தார்.

இந்த எண்ணை அவசரமாகக் கடந்துவிடாதீர்கள். அதுவரை எவரும் ஒரே சீசனில் அவ்வளவு எடுத்ததில்லை. 1928-இல் டிச் ஃப்ரீமேன் 304 எடுத்து முந்தினார், ஆனால் அவர் லெக் ஸ்பின்னர். வேகப்பந்து வீச்சாளர்களில் ரிச்சர்ட்சனின் 290-ஐ இன்றுவரை யாரும் தொடவில்லை. இனி தொடவும் வழியில்லை, அத்தனை ஆட்டங்களே இப்போது கிடையாது. அந்தச் சீசனில் அவர் போட்டது சுமார் 1,690 ஓவர். ஓவருக்கு ஐந்து பந்து என்பதுதான் அப்போது இங்கிலாந்தில் கணக்கு, எனவே ஏறத்தாழ 8,450 பந்து. அவ்வளவும் நீண்ட ஓட்டத்தோடு, முழு வேகத்தில்.

கல்லூரி நாட்களில் ஒரு மதியம் நான் பன்னிரண்டு ஓவர் போட்டேன். வேகம் என்று நானே சொல்லிக்கொண்டதுதான். மறுநாள் சட்டை மாட்ட வலது கையைத் தூக்க முடியவில்லை, அம்மாதான் மாட்டிவிட்டார்கள். அதற்கப்புறம் இந்த மாதிரிப் பழைய ஸ்கோர்கார்டுகளில் ஓவர் எண்ணிக்கை இருக்கும் கட்டத்தை நான் சாதாரணமாகப் படிப்பதே இல்லை.

1896-இல் ஆஸ்திரேலியர்கள் இங்கிலாந்து வந்தார்கள். லார்ட்ஸில் முதல் நாள் காலை ரிச்சர்ட்சனும் லோமனும் மட்டுமே பந்து வீசினார்கள். மூன்றாவது ஆளே தேவைப்படவில்லை. ஆஸ்திரேலியா 53 ரன்னில் சுருண்டது. ரிச்சர்ட்சன் 39 ரன்னுக்கு ஆறு, இரண்டாவது இன்னிங்ஸில் 134 ரன்னுக்கு ஐந்து. இங்கிலாந்து ஆறு விக்கெட்டில் வெற்றி.

அடுத்தது ஓல்ட் டிராஃபோர்ட், ஜூலை 1896. அவர் பெயரைச் சொன்னால் விஷயம் தெரிந்தவர்கள் முதலில் சொல்வது இந்த ஆட்டத்தைத்தான். அவர் தோற்ற ஆட்டம் இது.

ஆடுகளம் பேட்டிங்குக்கு அருமையாக இருந்தது. ஆஸ்திரேலியா 412. அதில் ரிச்சர்ட்சன் 68 ஓவர் போட்டு 168 ரன்னுக்கு ஏழு விக்கெட். அந்தக் காலத்தில் இன்னிங்ஸ் நடுவில் புதுப் பந்து கேட்க முடியாது. தொடக்கத்தில் கொடுத்த பந்து எவ்வளவு தேய்ந்து மெத்தென்று ஆனாலும் கடைசி விக்கெட் வரை அதே பந்துதான். இங்கிலாந்து 231-க்கு ஆட்டமிழந்து ஃபாலோ ஆன் ஆனது. பிறகு ரஞ்சித்சிங்ஜி இறங்கினார். அவருக்கு இதுவே முதல் டெஸ்ட். முதல் இன்னிங்ஸில் 62, இப்போது ஆட்டமிழக்காமல் 154. அவரைத் தவிர மற்றவர்கள் பெரிதாக நிலைக்கவில்லை. மொத்தம் 305. ஆஸ்திரேலியாவுக்கு இலக்கு 125.

மூன்றாம் நாள். 125 ரன் என்பது இந்த ஆடுகளத்தில் மதியச் சாப்பாட்டுக்கும் தேநீருக்கும் நடுவில் முடிகிற வேலை. ரிச்சர்ட்சன் பந்தை வாங்கினார். வாங்கியவர் திருப்பிக் கொடுக்கவில்லை. ஒரு முனையிலிருந்து மூன்று மணி நேரம் இடைவிடாமல் போட்டார், மறுமுனையில் ஆட்கள் மாறிக்கொண்டே இருந்தார்கள். ஒன்றன்பின் ஒன்றாக விக்கெட். நூறு ரன்னில் ஏழு பேர் போய்விட்டார்கள். இன்னும் 25 ரன் வேண்டும், கையில் மூன்று விக்கெட். கீப்பர் ஜேம்ஸ் கெல்லியும் ஹியூ ட்ரம்பிளும் ஆடுகிறார்கள். அந்த 25 ரன்னை எடுக்க அவர்களுக்கு ஒரு மணி நேரம் ஆனது. அடிக்கவில்லை, தாக்குப்பிடித்தார்கள். இலக்கு நெருங்கிவந்த நேரத்தில் கெல்லி கொடுத்த ஒரு கேட்சை விக்கெட்டுக்குப் பின்னால் நின்ற லில்லி நழுவவிட்டார். அப்புறம் மூன்று விக்கெட் மிச்சத்தில் ஆஸ்திரேலியா ஜெயித்துவிட்டது.

இரண்டாவது இன்னிங்ஸில் ரிச்சர்ட்சனுக்கு 76 ரன்னுக்கு ஆறு. விழுந்த ஏழில் ஆறு அவருடையது. ஆட்டத்தில் மொத்தம் 13 விக்கெட், 553 பந்து. இன்றைய ஆறு பந்துக் கணக்கில் 92 ஓவர். ஒரு டெஸ்டில் 92 ஓவர், வேகப்பந்து வீச்சாளர்!

இதற்குப் பின்னால் ஒரு சித்திரம் உண்டு. ஆட்டம் முடிந்ததும் எல்லாரும் பெவிலியனுக்கு ஓடிவிட, ரிச்சர்ட்சன் மட்டும் எதுவும் புரியாதவர் போல் மைதானத்தில் நின்றார், ஒரு சகா வந்து தோளைத் தொட்டு அழைத்துப் போனார் என்று கிரிக்கெட் எழுத்தாளர் நெவில் கார்டஸ் எழுதினார். படித்தவர்கள் எல்லாரும் கண் கலங்கினார்கள். கார்டஸுக்கு அப்போது வயது பத்துகூட இருக்காது. இதற்கு எதிராக இன்னொரு கதையும் உலவுகிறது. மைதானத்தை விட்டு முதலில் ஓடியவரே ரிச்சர்ட்சன்தான், மற்றவர்கள் ஷூவைக் கழற்றுவதற்குள் இரண்டு பெரிய கோப்பை பீரை உள்ளே தள்ளிவிட்டார் என்று. எனக்கு இரண்டாவது கதையைத்தான் பிடிக்கும். மூன்று மணி நேரம் பந்து போட்ட ஒருவருக்கு முதலில் வருவது சோகமாக இருக்காது, தாகமாகத்தான் இருக்கும்.

தொடர் 1-1. கடைசி டெஸ்ட் ஓவலில், ரிச்சர்ட்சனின் சொந்த மைதானத்தில். அதற்கு முன்பு ஒரு தகராறு. அக்கால இங்கிலாந்தில் ஆட்டக்காரர்கள் இரண்டு சாதி. சம்பளம் வாங்காமல் ஆடுவதாகச் சொல்லிக்கொண்ட 'ஜென்டில்மென்', கூலிக்கு ஆடிய தொழில்முறைக்காரர்கள். பெவிலியனில் இரண்டு வாசல், இரண்டு அறை. தொழில்முறைக்காரருக்கு டெஸ்டுக்குப் பத்து பவுண்டு. ஜென்டில்மேனான கிரேஸுக்குச் 'செலவுக்காசு' என்ற பெயரில் கிடைத்தது அதைவிட அதிகம் என்பது ஊரே பேசிய விஷயம். ஓவல் டெஸ்டுக்குமுன் ஐந்து பேர் இருபது பவுண்டு கேட்டார்கள்: லோமன், கன், ஏபெல், ஹேவர்ட், அப்புறம் ரிச்சர்ட்சன். சர்ரே நிர்வாகம் மசியவில்லை. ஏபெல், ஹேவர்ட், ரிச்சர்ட்சன் மூவரும் கோரிக்கையைத் திரும்பப் பெற்றுக்கொண்டு ஆடினார்கள். லோமனும் கன்னும் ஆடவில்லை. லோமனுக்கு அதற்குப்பின் டெஸ்டே இல்லை.

ரிச்சர்ட்சன் பின்வாங்கியதைக் கோழைத்தனம் என்று எழுதியவர்களைப் பார்த்திருக்கிறேன். கவுண்டி கொடுக்கும் கூலியில் குடும்பம் நடத்தும் ஆள், அந்தக் கவுண்டியே முறைத்துக்கொண்டு நின்றால் என்ன செய்வார்? ஓல்ட் டிராஃபோர்டில் 553 பந்து போட்டவர் பத்து பவுண்டு போதாது என்று ஒரு தடவையாவது வாயைத் திறந்தாரே, எனக்கு அதுவே போதும்.

அந்த ஓவல் டெஸ்டில் மழை. மேலே சொன்ன அதே கதை. பீலும் ஜே.டி. ஹெர்னும் விக்கெட்டுகளை அள்ளினார்கள், ஆஸ்திரேலியா இரண்டாவது இன்னிங்ஸில் 44-க்கு அவுட். ரிச்சர்ட்சனுக்கு ஒரு விக்கெட்கூட இல்லை. அவர் தேவைப்படவே இல்லை. ஆனாலும் அந்த ஆண்டு மொத்தம் 246 விக்கெட். விஸ்டன் ஆண்டு மலர் 1897-இல் சிறந்த ஐவர் என்று தேர்ந்தெடுத்தவர்களில் அவரும் ஒருவர். அதே பட்டியலில் ரஞ்சி, ட்ரம்பிள், கேட்சை விட்ட லில்லி மூவரும் இருந்தார்கள்.

1897-இல் 273. ஆக 1894 முதல் 1897 வரை நான்கு கோடைகளில் 1,005 விக்கெட். முதல்தரக் கிரிக்கெட்டில் தன்னுடைய ஆயிரமாவது விக்கெட்டை 134-ஆவது ஆட்டத்திலேயே எடுத்துவிட்டார், அதைவிடக் குறைந்த ஆட்டங்களில் எடுத்தவர் இல்லை. 1897 கோடை முடிந்தபோது வயது 27. ஒரு வேகப்பந்து வீச்சாளர் உச்சத்துக்கு வரவேண்டிய வயது. அவருக்கு அது முடிவின் தொடக்கம்.

அந்தக் குளிர்காலம் மறுபடி ஸ்டாடார்டோடு ஆஸ்திரேலியா. முடக்குவாதம் பிடித்துக்கொண்டது, உடம்பு போட்டிருந்தது. இங்கிலாந்து 4-1 என்று தோற்றது. ஐந்து டெஸ்டில் 22 விக்கெட்தான், சராசரி 35-ஐத் தாண்டியது. ஆனால் சிட்னியில் நடந்த கடைசி டெஸ்டில் திடீரென்று பழைய ஆள் திரும்பி வந்தார். முதல் இன்னிங்ஸில் 94 ரன்னுக்கு எட்டு விக்கெட். டெஸ்டில் அவருடைய சிறந்த பந்துவீச்சு அதுதான், அவருடைய கடைசி டெஸ்டும் அதுதான்.

அதன்பிறகும் ஆறேழு வருடம் சர்ரேக்கு ஆடினார். வருடத்துக்கு நூறு விக்கெட், நூற்றைம்பது விக்கெட் என்று எடுத்துக்கொண்டுதான் இருந்தார், இன்றைக்கு யாராவது அப்படி எடுத்தால் சிலை வைப்பார்கள். ஆனால் துள்ளல் போய்விட்டது. அது போனால் உள்ளே திரும்பும் அந்த வெட்டும் போய்விடும். குடியால் கெட்டார் என்று ஒரு வரியில் முடித்துவிடுகிறவர்கள் உண்டு. குடித்தார், எடை கூடியது, உண்மை. ஆனால் ஐந்து வருடத்தில் இரண்டு ஆஸ்திரேலியப் பயணம், நான்கு முழுக் கோடை, ஓய்வு என்ற பேச்சே இல்லை. பீர் இல்லாவிட்டாலும் அந்த உடம்பு அதைவிட நீண்ட நாள் தாங்கியிருக்கும் என்று நான் நம்பவில்லை.

1904-இல் சர்ரேயை விட்டு விலகினார். கைவசம் வேறு தொழில் இல்லாத பழைய ஆட்டக்காரர்கள் செய்வதைத்தான் அவரும் செய்தார், பாத் நகரில் மதுவிடுதி நடத்தப் போனார். 1905-இல் அங்கே வந்த ஆஸ்திரேலியர்களுக்கு எதிராகச் சாமர்செட் அணிக்கு ஒரே ஓர் ஆட்டம் ஆடினார். பருத்த உடம்போடு சில ஓவர் போட்டார், விக்கெட் விழவில்லை. பிறகு சர்ரே பக்கமே திரும்பி வந்தார்.

1912 கோடையில் பிரான்சின் சவாய் மலைப்பகுதிக்கு விடுமுறைக்குப் போனவர், ஜூலை 2 அன்று சான் ழான் தார்வே என்ற சிற்றூரில் இறந்துபோனார். வயது 41. தற்கொலை செய்துகொண்டார் என்று ஒரு வதந்தி கிளம்பி, பல பத்தாண்டுகள் புத்தகம் புத்தகமாக ஏறியது. ஓல்ட் டிராஃபோர்டில் தனியாக நின்றவர் கதைக்கு அப்படி ஒரு முடிவு பொருத்தமாக இருந்தது போலிருக்கிறது. பின்னால் ஒருவர் மெனக்கெட்டு விசாரித்தபோது, அப்படி எதுவும் இல்லை, இயற்கையான மரணம்தான் என்று தெரியவந்தது. உடலைக் கொண்டுவந்து ரிச்மண்ட் கல்லறையில் புதைத்தார்கள்.